காலி டப்பாவின் ஆறாவது நாள்

...ஐம்பத்தொன்று, மறுபடியும் விழுந்துவிட்டது, எண்ணிக்கையில் நேற்று எழுபத்துமூன்று விழுந்தது, இன்று ஐம்பத்தொன்று, பெருக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, பத்தில் ஏழு பங்கு, அதே பத்தில் ஏழு பங்கு, ஒதிலியா பென்சிலைக் கீழே வைத்தாள், பிறகு எடுத்தாள், எண்ணுக்கு அடியில் ஒரு கோடு போட்டாள், எழுபத்தொரு வயதுக் கை அதன்மேலேயே இன்னொரு கோடும் போட்டது, நேற்று ஒரு கோடு போதுமாக இருந்ததே... டப்பா காலி. திங்கட்கிழமை காலையில் அவளே அதைத் துடைத்து, விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து உள்ளே பார்த்து, மூடி, மேடையில் வைத்தாள், கட்டைவிரல் பருமனுள்ள அலுமினிய டப்பா, உள்ளே காற்றுகூட இல்லை, அதையும் உறிஞ்சி எடுத்தாயிற்று. உள்ளே படிகம் இருந்தால் சரி, படிகத்தில் மூலக்கூறுகள் இருக்கின்றன, சட்டென்று குளிரவைத்தால் அவை நின்றது நின்றபடி உறைந்துபோகின்றன, பிறகு எந்தப் பக்கம் திரும்பி நின்றோம் என்பதை மெல்ல மெல்ல மறக்கின்றன, அதனால்தான் எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைகிறது, இதைத்தான் இருபத்தேழு வருஷமாக நாலு மொழிகளில் சொல்லிக்கொண்டு வருகிறாள். ஒன்றுமே இல்லாத டப்பா எதை மறக்கும்? மறக்க அதனிடம் என்ன இருக்கிறது?

உலைக் கூடத்தில் அவளைத் தவிர யாருமில்லை. சனிக்கிழமை, பகல் பதினொன்றே முக்கால், வெளியே பைன் காட்டின் மேல் மழை பெய்துகொண்டிருக்கும், இங்கே ஜன்னல் கிடையாது, பம்புகளின் ஒரே மாதிரியான முனகல் மட்டும்தான், அது நின்றால்தான் இத்தனை நாள் இருந்தது தெரியும், இன்று நாலு மணிக்கு அதுவும் நின்றுவிடும். நாலு மணிக்கு அணு உலையை நிறுத்துகிறார்கள், பிறகு எப்போதும் ஓட்டப் போவதில்லை, திங்கட்கிழமை மந்திரியோ மந்திரியின் ஆளோ வார்சாவிலிருந்து வந்து வாசல் சுவரில் ஒரு கருங்கல் பலகையைத் திறந்து வைப்பார், அதில் அவள் பெயர் இருக்கும், பெயருக்குக் கீழே அந்தக் கோடு, இடது பக்கம் உயரத்தில் தொடங்கி வலது பக்கம் வழுக்கிக்கொண்டு இறங்கும் கோடு, மாணவர்கள் பரீட்சைக்கு முதல்நாள் திட்டிக்கொண்டே மனப்பாடம் செய்யும் கோடு. கல் வெட்டுகிறவர் இரண்டு மணிவரை காத்திருப்பாராம், அதற்குள் படம் சரி என்று போனில் சொல்லிவிட வேண்டுமாம். சரி என்று சொல்ல எத்தனை நேரம் பிடிக்கும், ஒரு வினாடி, அந்த ஒரு வினாடிக்காக நம் புரொபசரம்மா ஆறு நாளாகப் பஸ் பிடித்து வந்து இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். யாரும் கேட்கவில்லை, யாரும் சந்தேகப்படவில்லை, சந்தேகப்பட்ட ஒருவனும் இந்த நாட்டிலேயே இல்லை.

எதிரே அவளுடைய இயந்திரம். அவளும் கயேதானும் சேர்ந்து கட்டியது, கயேதான் மெக்கானிக், ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் கண்டதில்லை, ஆனால் இரும்பு அவன் பேச்சைக் கேட்கும், கடற்படைக்காரர்கள் கழித்துப்போட்ட பீரங்கியின் சுழல்மேடையை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து அதன்மேல் கவுண்ட்டரை உட்கார வைத்தான். உலையின் சுவரில் இருக்கும் துளை வழியாக நியூட்ரான் கற்றை வரும், டப்பாவில் இருக்கும் பொருளின்மேல் படும், சிதறும், எந்தப் பக்கம் எத்தனை சிதறின என்று கவுண்ட்டர் எண்ணும், அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு பொருளுக்குள் அணுக்கள் எப்படி நிற்கின்றன, எப்படி ஆடுகின்றன என்று சொல்லிவிடலாம், இந்த நாட்டில் முதன்முதலில் அப்படிச் சொன்னவள் அவள்தான், அதை யாரும் மறுக்க முடியாது, அதையாவது... சே, அது என்ன 'அதையாவது'? இயந்திரத்தைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு, எண்ணும்போது அதற்குள் யாரும் நிற்கக் கூடாது, மனுஷ உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், தண்ணீரில் பட்ட நியூட்ரான் கண்டபடி சிதறும், ஆள் நின்றால் எண்ணிக்கை ஏறிவிடும். நிற்பது பேராசிரியையா திருடனா என்று கவுண்ட்டருக்குத் தெரியாது, எவ்வளவு தண்ணீர் என்றுதான் தெரியும். திங்கட்கிழமை இங்கே வந்து உட்கார்ந்ததுமே அவளுக்கு ஒரு வாசனை அடித்தது, தோண்டிய மண்ணின் வாசனை, ஈரக் குழியின் வாசனை, அம்மாவை அடக்கம் செய்த அன்று மூக்கில் ஏறி மூன்று நாள் இறங்காமல் இருந்ததே, அதே வாசனை. செவ்வாயன்று கொஞ்சம் குறைந்தது, புதனன்று இன்னும் குறைந்தது, இன்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தால்தான் தெரிகிறது, எண்ணிக்கையோடு சேர்ந்து வாசனையும் இறங்குகிறது, யாரோ திங்கட்கிழமை முழுசாக வந்து நின்று, நாளுக்குக் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருப்பது போல. இதை யாரிடம் சொல்வது, சொன்னால் வயதாகிவிட்டது பாவம் என்பார்கள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கோட்டை முகர்ந்து பார்த்தாள், கோட்டில் இல்லை, அப்படியானால் இங்கேதான் இருக்கிறது.

அறுபத்தேழு அக்டோபரிலும் இப்படித்தான் மழை. நாற்பத்துநாலு வயது, கல்யாணம் காட்சி எதுவும் இல்லை, இயந்திரம்தான் வீடு, படிகத்தைத் திரவ நைட்ரஜனில் முக்கி மேடையில் வைத்துவிட்டுத் திங்கட்கிழமை எண்ணத் தொடங்கினாள், உலையே திங்களிலிருந்து சனிவரைதான் ஓடும், செவ்வாயன்று இருநூற்றுப் பன்னிரண்டு விழுந்தது, புதனன்று நூற்றைம்பது, வியாழன் நூற்றாறு, வெள்ளி எழுபத்தைந்து, சனி ஐம்பத்துமூன்று, அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில் எழுந்து எழுந்து எண்களைப் பார்த்தாள். காலி டப்பாவை அளக்காமல் இல்லை, அளந்தாள், முறைப்படி ஒரு மணி நேரம் அளந்து, டப்பாவே எவ்வளவு சிதறவைக்கிறது என்று பார்த்து, அந்த ஒரே எண்ணை ஆறு நாள் கணக்கிலும் கழித்தாள், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள், டப்பா என்ன நாளுக்கு நாள் மாறவா போகிறது? நவம்பருக்குள் இன்னும் இரண்டு முறை அளந்தாள், இரண்டு முறையும் அதே கோடு. 'படிகத்துக்கும் மறதி உண்டு' என்று பத்திரிகையில் பெரிய எழுத்தில் போட்டார்கள், ரொட்டிக் கடைக்காரி வரிசையைவிட்டு முன்னால் வரச் சொன்னாள். வெளிநாடுகளில் மூன்று பேர் அதே அளவை எடுத்துப் பார்த்தார்கள், கடலோரத்தில் இருந்த ஆய்வுக்கூடத்தில் ஒன்றும் தெரியவில்லை, உங்கள் படிகம் சுத்தமில்லை என்று அவள் எழுதினாள், மற்ற இரண்டு இடங்களில் தெரிந்தது, அச்சு அசலாக அதே பத்தில் ஏழு. பிறகு என்ன, விதிக்கு அவள் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இஸிதோர் மட்டும் விடவில்லை. நெட்டையன், அவளைவிட நாலு வயது சின்னவன், மேஜை பக்கத்து மேஜை, சாண்ட்விச்சைப் பிய்த்துப் பாதி அவள் பக்கம் தள்ளாமல் தின்னமாட்டான், அவளை ஒதில்கா என்றுதான் செல்லமாகக் கூப்பிடுவான். "ஒதில்கா, படிகத்தை ஆறு நாள் அளந்தா காலி டப்பாவையும் ஆறு நாள் அளக்கணும்" என்றான், "உலை நேரம் எங்க இருக்கு, உங்க அப்பன் வீட்டு உலையா?" என்றாள், சிரித்தான், மறுநாளும் அதையே சொன்னான். அறுபத்தெட்டு மார்ச்சில் அவள் படிகத்தை மறுபடி அளந்தாள், கோடு இறங்கவே இல்லை, திங்களும் சனியும் ஒரே எண், தட்டையாகக் கிடந்தது, நோட்டில் 'படிகத்தில் விரிசல்' என்று எழுதி மூடினாள், விரிசலை யார் பார்த்தார்கள், அவள் பார்த்தாள்... பார்த்தாளா? கட்டுரையில் மார்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்த வசந்தத்தில்தான் நாடு முழுக்க அந்தக் கூத்து, யூதர்கள் எல்லாரும் ஒரே நாளில் நம்பத்தகாதவர்கள் ஆனார்கள், ரேடியோவில் அதுதான், டிராமில் அதுதான், ஏப்ரலில் கேன்டீனில் கூட்டம் போட்டார்கள், முட்டைக்கோஸ் வேகிற வாசனை, இஸிதோரை வேலையிலிருந்து நீக்கலாமா என்று கேட்டு முடிப்பதற்குள் கைகள் எழுந்தன, அவள் கையும் எழுந்தது. எழாவிட்டால் இயந்திரத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயம், அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள், அப்படித்தான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறாள். அவன் அவள் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை. ஜூனில் அவன் நாட்டைவிட்டு வியன்னா ரயிலேறப் போனபோது அவள் தூணுக்குப் பின்னால் நின்றாள், எப்படியோ பார்த்துவிட்டு வந்தான், திட்டுவான் என்று நினைத்தாள், ஏன் கையைத் தூக்கினாய் என்று கேட்பான் என்று நினைத்தாள், "ஆறு நாள், ஒதில்கா, ஒரு மணி நேரம் இல்ல" என்றான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டான். கோபன்ஹேகனில் பெரிய ஆளாகிவிட்டான் என்று கேள்வி, நூறு கட்டுரை எழுதினான், ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை, அவளைத் தாக்கி ஒரு வரியும் இல்லை, கிணற்றில் போட்ட கல்லாக இருந்துவிட்டான். போன வருஷம் ஒரு மாநாட்டுப் புகைப்படத்தில் பார்த்தாள், முடியெல்லாம் கொட்டிவிட்டது, உயரம் மட்டும் அப்படியே இருந்தது.

முதுகுக்குப் பின்னால் யாரோ. திரும்பினாள், லுதோமிர்தான், கண்ணாடி டம்ளரில் தேநீர், ஓர் எலுமிச்சைத் துண்டு, இயந்திரம் இப்போது அவன் பொறுப்பில், நாற்பது வயது, இன்னும் அவளைப் பார்த்தால் மாணவன் மாதிரி சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்வான். "கல்லுக்காரர் மறுபடி போன் பண்ணினாரு மேடம், கருங்கல்லுல கோடு போடறது லேசு இல்லையாம், ரெண்டு மணிக்கு மேல போனா திங்கக்கிழமைக்குள்ள முடியாதுங்கறாரு." பார்க்கலாம்ப்பா என்றாள், அவன் கண் தாளின் மேல் போனது, ஐம்பத்தொன்று என்பதைப் பார்த்தான், மேலே எழுபத்துமூன்று, நூற்று நாலு, நூற்று நாற்பத்தெட்டு, இருநூற்றொன்பது, பார்த்துவிட்டு டம்ளரை மேஜைமேல் வைத்தான், சத்தம் வராமல் வைத்தான், அதுதான் பயமாக இருந்தது. "படிகம் எப்ப வச்சீங்க?" என்றான். "வைக்கலை." "அப்ப உள்ள?" "ஒண்ணும் இல்ல." அவன் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டான், டப்பாவிடமிருந்தா அவளிடமிருந்தா என்று தெரியவில்லை. கருவியில ஏதாவது கோளாறா இருக்கும் மேடம், பழைய காலத்து எலக்ட்ரானிக் வால்வு, சூடேறச் சூடேற எண்ணிக்கை நழுவும் என்றான், நழுவுகிற வால்வு அறுபத்தேழிலும் தொண்ணூற்று நாலிலும் பத்தில் ஏழு பங்கென்று சொல்லிவைத்தாற்போல நழுவுமா, இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான், இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள். அவன் மாடியில் இருக்கும் கண்ணாடி அறைக்குப் போய்விட்டான், அங்கிருந்துதான் எண்ணுவதைத் தொடங்குவதும் நிறுத்துவதும். தேநீரை எடுத்தாள், குடிக்கவில்லை, கூடத்தில் தான் மட்டும் இல்லை என்ற நினைப்பு ஆறு நாளாக இருப்பதுதான், இன்று அது கழுத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, ஒன்றுமில்லாததற்கு உள்ளே ஏதோ ஒன்று இருந்து, தினமும் கொஞ்சம் கரைந்து... போதும், ஒதிலியா, நீ இயற்பியல் படித்தவள்.

"எண்ணி முடிஞ்சுதா புரொபசரம்மா, உள்ள போகலாமா?" ஸபீனா, கயேதானின் மகள், ஐம்பது வயது, அப்பன் போன பிறகு கூடத்து மெக்கானிக் அவள்தான், தோளில் ஏணி, கையில் ஒரு துணிப்பை. போம்மா என்றாள் ஒதிலியா, எதற்கு என்று கேட்கவில்லை, மெக்கானிக் ஏணியோடு வந்தால் யார் கேட்பார்கள். ஸபீனா மஞ்சள் கோட்டைத் தாண்டி, கவுண்ட்டருக்குப் பின்னால், நியூட்ரானைத் தடுக்க அடுக்கிய மெழுகுப் பெட்டிகளுக்கு மேலே, மின்சார அலமாரியின் சூடு வெளியே வரும் இடத்தில் ஏணியைச் சாய்த்து ஏறினாள், அங்கே தொங்கிய சாம்பல் நிறத் துணியை ஒதுக்கினாள், கையை விட்டு இழுத்தாள், சருகு உரசுகிற சத்தம் கேட்டது. சரம். நூலில் கோத்த காளான் சரம், ஒன்று, இரண்டு, பத்துப் பன்னிரண்டு சரங்கள். "பாருங்க, என்ன பதமா காஞ்சிருக்குன்னு. ஞாயித்துக்கெழம பறிச்சது, திங்கக்கெழம காலைல நீங்க வர்றதுக்கு முன்னாடி மாட்டினேன். அஞ்சு கிலோ இருந்துச்சு, இப்ப அரைக் கிலோ தேறுமா பாக்கணும், முக்காலே மூணு வீசம் தண்ணிதானே இதுல." ஒதிலியா டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். "பாதுகாப்பு ஆபீசர்கிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க, கூடத்துக்குள்ள திங்கற பொருள் கூடாதும்பாரு அந்த மனுஷன். இதவிடச் சூடான மூல இங்க எங்க இருக்கு? அப்பா காட்டிக் குடுத்த எடம், முப்பத்தஞ்சு வருஷமா அக்டோபர் வந்தா இங்கதான். கிறிஸ்மஸ் சூப்புக்கு உங்களுக்கு ஒரு சரம் தருவாரே, ஞாபகம் இல்லையா?" இருக்கு என்றாள், குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது. ஸபீனா பையில் போட்டுக்கொண்டே சிரித்தாள். "அந்த ஒசரமான டாக்டர் இருந்தாரே, இஸிதோர் சார், அவரு பண்ணின கூத்த அப்பா சாகறவரைக்கும் சொல்லிச் சிரிப்பாரு. ஒரு நவம்பர்ல ஆறு நாளும் காலைல வந்து சரத்தக் கழட்டி, தராசுல வச்சு எட போட்டு, நோட்டுல குறிச்சுக்கிட்டுத் திரும்ப மாட்டுவாராம். என்ன டாக்டர், நான் திருடிடுவேன்னு பயமான்னு கேட்டாராம் அப்பா. இல்ல கயேதான், இது எவ்வளவு வேகமா மறக்குதுன்னு பாக்கறேன்னாராம். படிச்சவங்களே ஒரு மாதிரிதான், கோவிச்சுக்காதீங்க."

அவள் போய்விட்டாள், பை உரசும் சத்தம் கதவுவரை கேட்டது. அஞ்சு கிலோ, பெரும்பங்கு தண்ணீர், கவுண்ட்டரின் தலைக்கு மேலே, கூடத்தில் அலைகிற நியூட்ரான்களைத் திருப்பித் திருப்பிக் கவுண்ட்டருக்குள் தள்ளிக்கொண்டு, நாளுக்கு நாள் காய்ந்து, நாளுக்கு நாள் குறைவாகத் தள்ளிக்கொண்டு... மறந்தது படிகம் இல்லை. மார்ச்சில் காட்டில் காளான் கிடையாது, கோடு தட்டையாகக் கிடந்தது. அச்சு அசலாக அதே கோட்டைப் பார்த்த அந்த இரண்டு ஆய்வுக்கூடங்கள், இரண்டும் காட்டுக்குள்ளே இருப்பவை, இரண்டு பேரும் இலையுதிர் காலத்தில் அளந்தார்கள், கடலோரத்துக்காரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, அங்கே மீன்தான் காயும். சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றது. அவள் கண்டுபிடிப்பை அவளே தின்றிருக்கிறாள், வருஷா வருஷம், கிறிஸ்மஸுக்கு முந்தின நாள், பீட்ரூட் சூப்பில், அம்மாவோடு, அறுபத்தேழில் இஸிதோரும் இருந்தான், எதிர்பாராமல் வருகிறவருக்கென்று ஒரு தட்டு அதிகமாக வைப்போமே, அந்தத் தட்டில் உட்கார்ந்தான், போனஸாக ஒரு யூதன் என்று அவனே சொல்லிச் சிரித்தான், இரண்டாவது கரண்டி கேட்டு வாங்கினான், "நல்லா காய்ஞ்ச காளான், ஒதில்கா" என்றான், அவளைப் பார்த்துச் சொன்னான், அம்மாவைப் பார்த்து இல்லை, சமைத்தவள் அம்மா, அவளைப் பார்த்து ஏன் சொன்னான்? நவம்பரில் எடை போட்டவன், டிசம்பரில் சூப்புக் குடிக்கிறான், ஏப்ரலில் அவள் கை எழுகிறது, அவன் சட்டைப் பையில் அந்த எடைகள் இருக்கின்றன, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேன்டீன் முழுக்கச் சிரித்திருக்கும், கோபன்ஹேகனிலிருந்து நாலு வரி எழுதியிருந்தால் உலகம் முழுக்கச் சிரித்திருக்கும், சொல்லவில்லை, எழுதவில்லை. இரக்கமா? அவள்மேல் பிரியமா? இல்லை, நீயே கண்டுபிடி, அதுவரை உனக்குத் தண்டனை என்றா? இல்லை... அவளுக்குத் தெரியும் என்று நினைத்தானா? தெரிந்துகொண்டே எழுதினாள், தெரிந்தவனை அப்புறப்படுத்தத்தான் கையைத் தூக்கினாள் என்று, இத்தனை வருஷமும், அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறானா?

இல்லை, எனக்குத் தெரியாது இஸிதோர், சத்தியமாகத் தெரியாது. ஒலிபெருக்கி கரகரத்தது, அவள் உதறிக்கொண்டாள். "மேடம், இன்னொரு சுத்து எண்ண ஆரம்பிச்சாச்சு, ஆனா கோட்டுக்குள்ள யாரோ நிக்கறாங்க போல இருக்கே, எண்ணிக்கை ஏறுது." லுதோமிரின் குரல். ஸபீனா திரும்பி வந்தாளோ என்று பார்த்தாள், கதவு மூடியிருந்தது, ஏணியும் இல்லை, உலையின் வெள்ளைச் சுவர், மெழுகுப் பெட்டிகள், பம்புகளின் முனகல், யாரும் இல்லை. "யாரும் இல்லப்பா." "இருக்காங்க மேடம், முப்பது முப்பத்தஞ்சு கூடுதலா வருது, அசையாம நிக்கற ஆளு." கையிலும் கழுத்திலும் மயிர் சிலிர்த்துக்கொண்டது, யார், யார் அது, இத்தனை நாள் மண்வாசனையோடு பக்கத்தில் நின்றது யார், மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தலையைத் தாழ்த்தினாள், தரையைப் பார்த்தாள், மஞ்சள் கோடு அவளுக்கு முன்னால் இல்லை. பின்னால் இருந்தது. ஸ்டூல் கோட்டுக்கு அந்தப் பக்கம் தனியாக நின்றது, தேநீர் டம்ளர் அதன்மேல் இருந்தது, அவள் கவுண்ட்டரை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள், வலது கை தலைக்கு மேலே, சாம்பல் துணிக்குப் பின்னால், ஏணியில்லாமல் எட்டுகிற கடைசிக் காலிக் கொக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தது. எப்போது எழுந்தாள்? எப்போது நடந்தாள்? கொக்கி அங்கே இருப்பது கண்ணுக்குத் தெரியாது, துணி மறைக்கும், கை நேராகப் போய்ப் பிடித்திருக்கிறது, தடவித் தேடவில்லை. விரல்நுனியில் ஓர் உணர்வு இருந்தது, குளிர்ச்சியாக, வழவழப்பாக, ஈரமாக, புதுக் காளானின் தலையைத் தொட்டால் வருமே அது. ஆனால் இன்று அவள் எதையும் தொடவில்லை, தொட்டிருந்தாலும் காய்ந்ததைத்தான் தொட்டிருப்பாள், ஈரமானதை இந்த உயரத்தில், இந்த இடத்தில் எப்போது தொட்டாள்? ஆறு நாளாக அடித்த அந்த வாசனை, இந்த நாட்டில் பிறந்து ஆறு வயதிலிருந்து கூடையோடு காட்டுக்குப் போன ஒருத்திக்கு அது காளான் என்று தெரியாமல் போகுமா, அம்மாவின் குழி என்றா தோன்றும்? மார்ச்சில் விரிசல் என்று எழுதினாளே, எதைப் பார்த்து எழுதினாள்? எத்தனையோ வாரங்கள் உலை சும்மா ஓடியது, டப்பாவை ஆறு நாள் வைத்துப் பார்க்க இருபத்தேழு வருஷத்தில் ஒரு வாரம் கிடைக்கவில்லையா, தெரியாதவளுக்கு என்ன பயம்? "மேடம்?" என்றது ஒலிபெருக்கி. நான்தான்ப்பா என்றாள், கையை இறக்கினாள், கோட்டைத் தாண்டி வெளியே வந்தாள்.

மறுபடி தொடங்கி நாற்பது நிமிஷம் எண்ணினார்கள், அவள் சுவரோரம் போய் நின்றுகொண்டாள், கைகளைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள், அவை தன் பேச்சைக் கேட்கும் என்ற நம்பிக்கை போய்விட்டது. கோடு இன்னும் பத்து நாளில் எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே ஒரே தாவலில் வந்து நின்றது எண்ணிக்கை. லுதோமிர் இறங்கி வந்தான், தாளைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தான், ஸபீனாவைப் படிக்கட்டில் பார்த்திருப்பான், பையையும் பார்த்திருப்பான், கெட்டிக்காரன், அவளிடம் படித்தவன். "மேடம், இத நாம ரெண்டு பேர்தான் பாத்திருக்கோம்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "நாலு மணிக்கு உலை நின்னுடும். அப்புறம் யாரு நெனச்சாலும் திருப்பி அளக்க முடியாது. நான் உங்களுக்கு யோசன சொல்றதா நெனக்காதீங்க." அவன் காது சிவந்திருந்தது. எவ்வளவு லேசாக இருக்கிறது, சரி என்று ஒரு சொல், கருங்கல் பார்த்துக்கொள்ளும். "கல்லுக்காரர்கிட்ட சொல்லிடு, கோடு வேண்டாம்" என்றாள், "விதிக்கு என் பேரும் வேண்டாம், இயந்திரத்தக் கட்டினது கயேதானும் நானும்னு போடணும்னா போடட்டும்." அவன் நிமிர்ந்து பார்த்தான், அந்தப் பார்வையில் இருந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். "பதிவேட்டுல என்ன எழுதட்டும்?" "காலி டப்பா, ஆறு நாள். கவுண்ட்டருக்கு மேல காளான். அறுபத்தேழாம் வருஷக் கோடு தப்பு. கோபன்ஹேகனுக்கு ஒரு நகல் அனுப்பு, விலாசம் நான் தரேன்." அவன் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினான், அழகான கையெழுத்து, அவள் சொன்னதை எல்லாம் எழுதிவிட்டுக் கொஞ்சம் யோசித்தான், பிறகு தானாக ஒரு வரி சேர்த்தான், நல்ல பையன், அவளுக்காகத்தான் சேர்த்தான், பதிவேட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான், 'இது நேர்மையான தவறு' என்றிருந்தது. "சரிதானே மேடம்?" கோட்டுப் பைக்குள் கட்டைவிரல் மற்ற விரல்களின் நுனிகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தது, ஈரம் போகவில்லை, தவறு என்பது சரி, அதில் சந்தேகமில்லை, அதற்கு முன்னால் இருக்கும் அந்த ஒரு சொல்... அடித்துவிடு என்று சொல்ல வாய் வரவில்லை, இருக்கட்டும் என்று சொல்லவும் வாய் வரவில்லை, லுதோமிர் பேனாவை மூடாமல் காத்துக்கொண்டிருந்தான்.